கேமராவுக்குப் போன இரண்டாவது சர்வர்

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். ஜார்ஜ் டவுன் அலுவலகத்தின் முதல் மாடியில் சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது திரையின் நிறம். வழக்கமாக நீலமாக இருக்கும். அன்று கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் பதினொரு வரி ஆங்கிலம். உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன என்று முதல் வரி சொன்னது, பணம் கட்டினால் திறப்போம் என்று கடைசி வரி. நான்காவது வரியிலும் ஒன்பதாவது வரியிலும் எழுத்துப் பிழை இருந்தது.

கணினி வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு தமிழ் நாளிதழில் ஆறு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தவள். எதைப் படித்தாலும் பிழை முதலில் தெரியும், பொருள் பிறகுதான் ஏறும். அன்றும் இரண்டு பிழைகளையும் கண்டுபிடித்த பிறகுதான் அந்த வரிகள் சொல்வது எனக்கு உறைத்தது.

என் இடத்துக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார்: டேட்டாபேஸுக்கு ஒரு சர்வர், ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேறு சர்வர் என்று ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள், நல்ல வேகமான ஒரே மெஷினாக வாங்கிவிட்டால் பராமரிப்பது சுலபம்தானே என்று. கேள்வி நியாயமானது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு விடையாக அந்தக் காலையை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஓர் அறநிறுவனத்தின் இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களில். தலைமை நிலையம் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில், மற்ற இரண்டும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமிலும் நிபோங் திபாலிலும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து, எத்தனை அளவு என்பதெல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. அந்தக் கரையில் இருக்கும் தாதிகள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக எங்கள் சர்வருக்குள் நுழைவார்கள். அவர்கள் முன்னால் இருப்பது வெறும் திரை, வேலை நடப்பது ஜார்ஜ் டவுனில். டேட்டாபேஸும் அவர்கள் நுழையும் வாசலும் ஒரே மெஷினில் இருந்தன.

அப்படி இருக்கக் கூடாது என்று சொன்னவர் ஒருவர் உண்டு. எங்களுக்கு மெஷின்களைப் பொருத்திக் கொடுத்த சீனப் பொறியாளர். தொழிற்சாலைகளில் இருபது வருடம் நெட்வொர்க் பார்த்தவர். என்னிடம் மலாயில்தான் பேசுவார், அதுவும் குறைவாக. ஒரு நாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடைக்குப் பசியாறப் போனோம். கடை நிரம்பி வழிந்தது. ஒருவர் எழுந்தால் இருவர் உட்கார்ந்தார்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை பேரும் கை கழுவுவதற்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும் என்றால் இந்தக் கடையில் சாப்பிடுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். உன் சர்வர் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்றார். ஆட்கள் வந்து போகும் இடமும் பொருள் இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் இரண்டுமே கெடும் என்பது அவர் கட்சி. கூட்டம் அதிகமானால் சமையல் தாமதமாகும், திருடன் வந்தால் நேராகச் சட்டியில் கை வைப்பான்.

அவர் பேச்சைக் கேட்டு, அறநிறுவனத்தை நடத்தும் செயலவையிடம் போராடி இரண்டாவது சர்வரை வாங்கினேன். அது பெட்டி பிரித்து, ரேக்கில் ஏறி, விளக்கு எரிந்துகொண்டு நின்றது. பள்ளி விடுமுறையில் டேட்டாபேஸை அதற்கு மாற்றுவதாகத் திட்டம்.

அந்தச் சமயத்தில் நிபோங் திபால் நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரே மாதத்தில் மூன்று மோட்டார்சைக்கிள்கள் திருடு போயின. மூன்றும் நோயாளிகளை விட வந்த பிள்ளைகளுடையவை. மூன்று நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று செயலவை முடிவெடுத்தது. படங்களைச் சேமிக்க ஒரு மெஷின் வேண்டுமே என்று கேமராக்காரர் கேட்டபோது, தலைவர் சர்வர் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது சும்மாதானே நிக்குது மேடம்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது, தீபாவளி வரைக்கும் வச்சுக்குங்க என்று.

சில மாதம் கழித்துப் பொறியாளர் வந்தார். இரண்டாவது சர்வரின் திரையில் நிறுத்தி வைத்த கார்களைப் பார்த்தார். தற்காலிகம்தான் என்றேன். "செமெந்தாரா" என்று அதே சொல்லை மலாயில் ஒருமுறை திருப்பிச் சொன்னார். சர்வீஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதன்பின் இரண்டு தீபாவளி வந்து போனது.

இதற்கிடையில் முதல் மெஷின் திணறியது. காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாக நுழைவார்கள். டேட்டாபேஸுக்கு வேண்டிய மெமரியை இவர்களுடைய திரைகள் தின்னும், இவர்களுக்கு வேண்டியதை டேட்டாபேஸ் தின்னும். தலைமை நிலையத்தில் ஒரு குமாஸ்தா பெரிய அறிக்கை ஒன்றை அச்சடித்தால், நிபோங் திபாலில் திரை கறுத்துப் போய் ஐந்து நிமிடம் நிற்கும். முதல் ஆண்டு தாதிகள் ஒவ்வொரு நாளும் அழைத்துச் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு அழைப்பே இல்லை. நிலைமை தேறிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தேறவில்லை. நிபோங் திபாலின் தலைமைத் தாதி லெட்சுமி வேறு வழி கண்டுபிடித்திருந்தார். மாலையில் சர்வர் ஓய்வாக இருக்கும்போது, மறுநாள் வருபவர்களின் விவரத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். காலையில் திரை கறுத்தால் நோட்டைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். நான் ஒரு நாள் அங்கே போனபோது அந்த நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. நோயாளிகளின் பெயர், மருந்து, அளவு எல்லாம் போகிற வருகிறவர் கண்ணில் படும்படி. எனக்குக் கோபம் வந்தது. இது விதிமீறல், இன்றோடு நிறுத்துங்கள் என்றேன்.

லெட்சுமி நோட்டை மூடினார். "ஸ்லோவா இருக்கு, அதான் எழுதுறோம். நிறுத்திட்டா காலையில என்ன பண்றதுன்னும் சொல்லிட்டுப் போங்களேன் அக்கா."

பார்க்கிறேன் என்றேன். அன்று தேதி மூன்று.

கறுப்புத் திரையை நான் பார்த்தது அதே மாதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை. வாரம் ஒருமுறை, குமாஸ்தாக்கள் வருவதற்கு முன், தேவையற்ற கோப்புகளைத் துடைத்துச் சர்வரைக் கொஞ்சம் மூச்சு விட வைக்க சீக்கிரம் வருவேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அது சரியான காரியம். பிறகு பேக்கப் டிஸ்க்கைப் பார்த்தேன். அது அதே மெஷினில் செருகியிருந்தது, அதுவும் பூட்டப்பட்டிருந்தது. ஒரு கோப்பைத் திறந்தேன், திறக்கவில்லை. இன்னொன்றைத் திறந்தேன். ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்வியை மெஷினிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதினொரு வரியை மறுபடியும் படித்தேன். ஏழு இருபத்திரண்டுக்குப் பொறியாளரை அழைத்தேன். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். கோப்பின் பெயர்கள் எப்படி மாறியிருக்கின்றன என்பதுவரை சொன்னேன். அவர் மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: இந்த நிமிடம் அதை நம்பி யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்?

ஏழு இருபத்து நான்குக்கு நிபோங் திபாலை அழைத்தேன். லெட்சுமி அந்த வாரம் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாற்றுக்குப் போயிருந்த தாதி புவனா எடுத்தார்.

"புவனா, சிஸ்டம் ஓடுதா?"

"எங்கக்கா, காலையிலேருந்து கறுப்பாவே நிக்குது. எப்பவும்போல ஸ்லோ லா."

"அப்ப பேஷண்டுங்க?"

"ஆறு பேரையும் மெஷின்ல போட்டாச்சு. ஓடிக்கிட்டிருக்கு. லெட்சுமியக்கா லீவு போறப்பவே சொன்னாங்க, கறுப்பா நின்னா டிராயர்ல புக்கு இருக்குன்னு. அதப் பாத்துத்தான் போட்டோம்."

சர்வர் செத்துப் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒரு நிலையமே அதை உணரவில்லை. உணராததற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு அல்ல. செத்த சர்வருக்கும் உயிரோடு இருந்த சர்வருக்கும் காலை ஆறு மணிக்கு வித்தியாசம் தெரியாதபடி நான் வைத்திருந்தேன்.

நாளிதழில் எனக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. எந்தக் குறிப்பு மேசைக்கு வந்தாலும், இது எப்போது எழுதியது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் படிப்போம்.

"அந்தப் புக்குல கடைசித் தேதி என்ன?"

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "மூனு." பிறகு, குரல் இறங்கி, "நீங்க எழுத வேணாம்னு சொல்லிட்டீங்களாம்க்கா. அதோட நிறுத்திட்டாங்க."

இருபத்து மூன்று நாள். அதற்குள் மருத்துவர் யாருக்கு எதை மாற்றினார் என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். போனை வைக்காதே என்றேன். ஒவ்வொரு கட்டிலாகப் போய், இந்த மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, மருந்து எதுவும் மாறியதா என்று கேட்கச் சொன்னேன்.

அவர் போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். முதல் கட்டிலில் இருந்தவர் முன்பு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். "எனக்கு மாறுனது பொண்டாட்டி சமையல் மட்டுந்தான். உப்பே போட மாட்டேங்கிறா" என்றார். யாரோ சிரித்தார்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டில்களில் ஒன்றும் மாறவில்லை. நான்காவதில் இருந்தவருக்கு இரத்த அழுத்த மாத்திரை மட்டும். ஐந்தாவது கட்டிலில் அஞ்சலை அம்மா. ஐம்பத்து நான்கு வயது, தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் வேலை. அவர் பேசியது எனக்கு மெதுவாகக் கேட்டது, ஆனால் ஒரு சொல்லும் தப்பவில்லை.

"ஒரு வாரமா வார்டுல இருந்தேன் மிஸ்ஸி. வயித்துக்குள்ள புண்ணு, ரத்தம் போச்சு. நேத்துத்தான் வுட்டாங்க. ரத்தத்த தண்ணியாக்குற ஊசி இனிமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏம்மா, படுக்கும்போதே சொல்லக் கூடாது?"

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்னு நேத்து நம்ம டாக்டர் கிளினிக்ல சொன்னாங்களே."

உங்களில் மருத்துவமனைப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தம் குழாய்க்குள் உறையாமல் இருக்க, இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் ஹெப்பாரின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவருக்கு அது போனால் கசிவு நிற்காது. நோட்டில் அஞ்சலை அம்மா பெயருக்கு நேரே ஹெப்பாரின் மூவாயிரம் யூனிட் என்று லெட்சுமியின் அழகான கையெழுத்தில் இருந்தது. ஆறு ஐந்துக்கு அவருக்கு அதைத் தொடங்கியிருந்தார்கள்.

புவனா போனைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டார். ஏழு முப்பத்தொன்றுக்கு மருந்து நிறுத்தப்பட்டது. நான் இன்னொரு போனில் எங்கள் நிலையங்களின் மருத்துவரைப் பிடித்து, இரண்டு போன்களையும் மேசைமேல் எதிரெதிரே வைத்தேன். அவர் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்து, இரத்தத்தை உடம்புக்குத் திருப்பு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இடையில் ஒருமுறை என்னிடம், "நேத்து சாயந்தரமே சிஸ்டத்துல போட்டேனே" என்றார். குற்றம்சாட்டும் குரல் அல்ல. நம்ப முடியாத குரல்.

ஏழரையிலிருந்தே வயிறு எரிகிறது என்று அஞ்சலை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு நாற்பத்தாறுக்கு வாந்தி எடுத்தார். தகரச் சட்டியில் அது விழும் சத்தம் எனக்குக் கேட்டது. என்ன நிறம் என்று மருத்துவர் கேட்டார். கறுப்பு என்றார் புவனா. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை புவனா சொன்னதெல்லாம் இரத்த அழுத்த எண்கள்தான்: தொண்ணூறுக்கு ஐம்பது, எண்பத்திரண்டுக்கு நாற்பத்தெட்டு, எழுபத்தாறு, கீழே பிடிபடவில்லை.

அலுவலக மேசையில் இருந்த போன் விளக்கு மின்னிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஆறு இருபதிலிருந்து நான்கு அழைப்புகள், எல்லாம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து. அங்கே இருந்த தாதி, திரை வராமல் யாருக்கும் ஊசி குத்த மாட்டேன் என்று ஆறு நோயாளிகளையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அவர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். அலுவலகம் திறப்பது எட்டு மணிக்கு என்பதால் போனை எடுக்க ஆள் இல்லை. என் கைப்பேசி எண்ணை நிலையங்களுக்குக் கொடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏழு பன்னிரண்டிலிருந்து ஏழு இருபத்து நான்கு வரை பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் நான் ஒரு மெஷினைக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்தேன். காப்பாற்ற அதில் ஒன்றும் மிச்சமில்லை. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண்ணின் உடம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு போன் அழைப்பு போதுமாக இருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் கறுப்புத் திரை வரும். கேபிளைப் பிடுங்குங்கள். உடனே அந்த மெஷினை நம்பி இருப்பவர்களை அழையுங்கள். மற்றது காத்திருக்கும்.

பொறியாளர் பத்து மணிக்கு வந்தார். வரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ரவுட்டரின் பதிவைத் திறந்து வழியைக் காட்டினார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டவள் நான். கட்டுப்பாடு முடிந்தது, அதை நான் மூடவில்லை. நிபோங் திபாலில் தாதிகள் நான்கு பேருக்கும் ஒரே பயனர் பெயர். கடவுச்சொல் நிலையத்தின் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. வந்தவன் அந்தப் பெயரில்தான் நுழைந்திருந்தான். நுழைந்த பிறகு டேட்டாபேஸைத் தேடி அவன் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவன் நின்ற அதே அறையில் அது இருந்தது.

வீட்டில் நான் வைத்திருந்த ஒரு பழைய நகல் இரண்டு மாதத்துக்கு முந்தையது. மீதியை மருத்துவமனைக் கடிதங்களிலிருந்தும் கிளினிக் சீட்டுகளிலிருந்தும் நோயாளிகளைக் கேட்டும் சேர்த்தோம். அது முடிய ஐந்து வாரம் ஆனது. இன்று நீங்கள் பார்க்கும் அமைப்பு அப்போது வந்ததுதான். தாதிகள் நுழையும் சர்வரில் நோயாளி விவரம் ஒரு வரிகூட இல்லை. டேட்டாபேஸ் சர்வருக்குள் எந்த மனிதரும் வெளியிலிருந்து நுழைய முடியாது. பேக்கப் எந்த மெஷினிலும் செருகி நிற்பதில்லை. பிரித்த முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் கைப்பேசிக்கு நிபோங் திபாலிலிருந்து போன் வந்தது. என்னமோ ஏதோ என்று எடுத்தேன். விடுப்பு முடிந்து திரும்பியிருந்த லெட்சுமி. "அக்கா, தட்டுனதும் தொறக்குது. ஏதாச்சும் கெட்டுப் போச்சா?" என்றார்.

அஞ்சலை அம்மா பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். முதல் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். பிழைத்தார். அவருடைய மகன் ஒருமுறை என் அலுவலகத்துக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். யார் தப்பு என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றான். என் தப்பு என்றேன். அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலும். எழுந்து போனான்.

செயலவைக்கு நான் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்பதை உறுதிப்படுத்த இரண்டாவது சர்வரைத் திறந்தேன். அதை யாரும் தொடவில்லை. அனுமதித்த கருவிகளைத் தவிர வேறு எதுவும் அதனோடு பேச முடியாதபடி பொறியாளர் தொடக்கத்திலேயே அமைத்துக் கொடுத்திருந்தார், அதில் வர வேண்டியிருந்த டேட்டாபேஸுக்காக.

நிபோங் திபால் நிலையத்தின் வாசல், இருபத்தாறாம் தேதி. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மோட்டார்சைக்கிள் வந்து நிற்கிறது. அஞ்சலை அம்மா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மகனிடம் கொடுக்கிறார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு உள்ளே நடக்கிறார். எட்டு பதினான்குக்கு அவரைத் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுவருகிறார்கள். செருப்பு மறுநாள் காலைவரை அங்கேயே இருக்கிறது. பதிவில் ஒரு நொடியும் விடுபடவில்லை.